கண்காட்சி முடிந்த பிறகு: சிகாகோ 1893-க்கு நினைவகம் எங்கே?

சிகாகோவுக்குப் போய்வந்த ஒருவர் கேட்டிருக்கிறார்: “1893 உலகக் கண்காட்சி நடந்த ஜாக்சன் பூங்காவைத் தேடிப் போனேன். பொன்னிறத்தில் ஒரு சிலை நிற்கிறது, அவ்வளவுதான். கோடிக்கணக்கான பேர் வந்து பார்த்த விழாவுக்கு ஒழுங்கான நினைவகம் ஒன்றுகூட இல்லையா? விவேகானந்தர் பேசிய இடமும் அங்கே காணோம். ஒரு நகரம் இப்படிப்பட்ட விழாவுக்கு நிரந்தரமாக ஒன்றை அமைக்க வேண்டுமென்றால் எப்படிச் செய்ய வேண்டும்?”

முக்கியமான கேள்வி கடைசியில் இருக்கிறது. ஆனால் சிகாகோவில் என்ன ஆனது என்று தெரியாமல் அதற்குப் பதில் சொன்னால் வெறும் உபதேசமாகிவிடும். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். அந்தக் கண்காட்சி நிற்பதற்காகக் கட்டப்பட்டதே இல்லை. கொலம்பஸ் அமெரிக்கா வந்த 400-ஆம் ஆண்டைக் கொண்டாட, 1893 மே 1 முதல் அக்டோபர் 30 வரை ஆறு மாதம் நடத்தினார்கள். கட்டுமானப் பொறுப்பு டேனியல் பர்ன்ஹாமிடம், நிலத்தையும் நீர்நிலைகளையும் வடிவமைத்தவர் பிரெடரிக் லா ஓம்ஸ்டெட். மொத்த வருகை 2 கோடியே 70 லட்சத்துக்கு மேல். ‘வெள்ளை நகரம்’ என்று உலகமே வியந்த அந்த மாளிகைகள் சலவைக்கல் மாதிரி தெரிந்தன. உண்மையில் இரும்பு, மரச் சட்டங்களின் மேல் ஜிப்சம் சாந்தில் சணல் நாரைக் கலந்து பூசி, வெள்ளையடித்திருந்தார்கள். அந்தக் கலவைக்கு ‘ஸ்டாஃப்’ என்று பெயர். நம் ஊர்க் கல்யாணப் பந்தலைக் கோட்டை மாதிரி அலங்கரித்தால் எப்படியோ, அப்படி. கல்யாணம் முடிந்ததும் பந்தலைப் பிரிக்க வேண்டியதுதான்.

பிரிப்பதற்குள் தீ முந்திக்கொண்டது. 1894 ஜனவரியில் ஏரிக்கரைத் தூண் வரிசையும் இசை மண்டபமும் எரிந்தன. அதே ஆண்டு ஜூலையில், புல்மேன் ரயில்வே வேலைநிறுத்தம் கொதித்துக்கொண்டிருந்த நாட்களில், நடுநாயகமாக நின்ற பெரிய மாளிகைகள் சாம்பலாயின. கண்காட்சியின் பெரிய செயற்கைக் குளத்தில் நின்ற 65 அடி ‘குடியரசு’ சிலையை 1896-ல் பூங்கா நிர்வாகமே எரித்துவிட்டது. மழையிலும் பனியிலும் சிதைந்துகொண்டிருந்த சாந்துச் சிலையை வேறு என்ன செய்திருப்பார்கள்?

நீங்கள் பார்த்த பொன்னிறச் சிலை அதன் சிறு வடிவம். மூலச் சிலையைச் செய்த டேனியல் செஸ்டர் பிரெஞ்சே இதையும் செய்தார். உயரம் 24 அடி, வெண்கலம், மேலே பொன்முலாம். கண்காட்சியின் 25-ஆம் ஆண்டு நினைவாக 1918-ல், அன்றைய நிர்வாகக் கட்டடம் இருந்த இடத்தில் நிறுத்தினார்கள். பணம் வந்த வழி சுவாரசியமானது. பெஞ்சமின் பெர்குசன் என்ற மரவியாபாரி 1905-ல் இறந்தபோது, நகரில் பொதுச் சிலைகளும் நினைவுச்சின்னங்களும் வைப்பதற்காக 10 லட்சம் டாலரை உயிலில் எழுதி வைத்துவிட்டுப் போனார். அந்த அறக்கட்டளைதான் இதைச் செய்வித்தது.

சிலையைப் பார்த்து ஏமாந்ததாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கும் அதன் மேல் பெரிய மதிப்பு இல்லை. சிலை அழகானது; ஆனால் ஒரு பெண் கையை உயர்த்தி நிற்பதைப் பார்த்து, இங்கே 690 ஏக்கரில் ஒரு செயற்கை நகரம் இருந்தது, அதில் மின்விளக்குகள் ஜொலித்தன, 264 அடி உயர ராட்டினம் சுற்றியது என்று யார்தான் ஊகிக்க முடியும்? நினைவுச்சின்னம் என்ற பெயரில் வைத்தது அது ஒன்றுதான். அதுதான் குறைவாக நினைவூட்டுகிறது. கண்காட்சியின் நினைவைச் சுமந்து நிற்பவை வேறு.

அந்தச் சிலையிலிருந்து வடக்கே நடந்தால் அறிவியல், தொழில் அருங்காட்சியகம் வரும். 1893-ல் அதுதான் நுண்கலை மாளிகை. விலைமதிப்பில்லாத ஓவியங்களைக் கடன் கொடுத்தவர்கள், தீப்பிடிக்கும் கூடாரத்துக்கு அனுப்ப மாட்டோம் என்று நின்றதால், அந்த ஒரு கட்டடத்தை மட்டும் உள்ளே செங்கல் வைத்துக் கட்டினார்கள். வெளிப்பூச்சு மட்டும் மற்றவற்றைப் போலச் சாந்து. கண்காட்சி முடிகிற நேரத்தில் வணிகர் மார்ஷல் பீல்ட் 10 லட்சம் டாலர் கொடுக்க, விழாவில் வைத்த பொருட்களைக் கொண்டே 1894 ஜூனில் அதற்குள் ஓர் அருங்காட்சியகம் திறந்தது. இன்றைக்குப் புகழ்பெற்ற பீல்ட் மியூசியத்தின் தொடக்கம் அதுதான்.

1921-ல் பீல்ட் மியூசியம் நகரின் மையத்துக்கு அருகே புதுக் கட்டடத்துக்குப் போய்விட்டது. பழைய மாளிகையின் பூச்சு உதிர்ந்து செங்கல் பல்லிளித்தது. இடித்துவிடலாம் என்ற பேச்சும், காப்பாற்ற வேண்டும் என்ற இயக்கமும் ஒன்றாகவே நடந்தன. பூங்கா நிர்வாகம் 50 லட்சம் டாலர் கடன் பத்திரத்துக்கு வாக்காளர்களின் ஒப்புதலை வாங்கியது. அப்புறம் வந்தார் ஜூலியஸ் ரோசன்வால்ட், சியர்ஸ் என்ற பெரிய வணிக நிறுவனத்தின் தலைவர். 1911-ல் குடும்பத்தோடு மியூனிக் போனபோது, இயந்திரங்களைத் தொட்டு, விசையை அழுத்திப் பார்க்கும் அருங்காட்சியகத்தில் தன் சிறு மகன் மெய்மறந்து நின்றதைப் பார்த்திருந்தார். அது போல ஒன்று சிகாகோவுக்கு வேண்டும் என்று 1926-ல் 30 லட்சம் டாலர் தருவதாக அறிவித்தார். கடைசியில் கொடுத்தது அதைவிட அதிகம். உதிர்ந்த சாந்தை எடுத்துவிட்டு அதே வடிவத்தில் சுண்ணாம்புக்கல் பதித்தார்கள். 1933-ல், அந்த நகரத்தின் இரண்டாவது உலகக் கண்காட்சி நடந்த ஆண்டில், அருங்காட்சியகம் திறந்தது. தன் பெயரை வைக்க வேண்டாம் என்று ரோசன்வால்ட் மறுத்துவிட்டார். 2024-ல் இன்னொரு கொடையாளர் கென்னத் கிரிபினின் பெயர் முன்னால் சேர்ந்தது. அவர் கொடுத்தது 12.5 கோடி டாலர். காலம் மாறிவிட்டது, வேறென்ன சொல்ல.

அந்தக் கட்டடம் பிழைத்ததற்கு அதன் அழகு மட்டும் காரணமில்லை. செங்கல்லால் கட்டியிருந்தார்கள், விழா முடிந்த மறு ஆண்டே அதற்கு ஒரு வேலை கிடைத்தது, அந்த வேலை போனதும் பணம் உள்ள ஒருவர் இன்னொரு வேலையோடு வந்தார். இந்த மூன்றில் ஒன்று தவறியிருந்தாலும் அங்கே இன்று புல்வெளிதான் இருந்திருக்கும்.

இரண்டாவது கேள்வி, விவேகானந்தர் பேசிய இடம். அதை ஜாக்சன் பூங்காவில் தேடியதில் தப்பில்லை, நிறையப் பேர் அப்படித்தான் தேடுகிறார்கள். கண்காட்சியோடு சேர்த்துப் பல துறைகளுக்கு மாநாடுகள் நடத்தினார்கள். அவை நடந்த இடம் பத்துப் பதினோரு கிலோமீட்டர் வடக்கே, மிச்சிகன் அவென்யூவில் இருக்கும் இன்றைய ஆர்ட் இன்ஸ்டிடியூட். அங்கே ஒரு கெட்டிக்கார ஒப்பந்தம் நடந்தது. கண்காட்சி நிறுவனம் கட்டடச் செலவுக்கு 2 லட்சம் டாலர் கொடுத்தது. பதிலுக்கு விழாக் காலம் முழுக்க மாநாடுகளுக்கு அந்தக் கட்டடம். விழா முடிந்ததும் அது கலை அருங்காட்சியகத்துக்கே சொந்தம். 1893 டிசம்பரிலேயே அருங்காட்சியகமாகத் திறந்துவிட்டார்கள். வாசலில் நிற்கும் இரண்டு வெண்கலச் சிங்கங்கள் அடுத்த ஆண்டு வந்தவை.

1893 செப்டம்பர் 11 அன்று சர்வ சமய மாநாடு தொடங்கிய ‘கொலம்பஸ் மண்டபம்’ தற்காலிக அரங்கம், அது இப்போது இல்லை. அது இருந்த பகுதியை ஒட்டித்தான் புல்லர்டன் அரங்கமும் பெரிய படிக்கட்டும் இருக்கின்றன. விவேகானந்தர் பெயரில் ஒரு நினைவுப் பலகை உள்ளே உண்டு. வெளியே மிச்சிகன் அவென்யூவின் ஒரு பகுதிக்கு அவர் பெயரைக் கௌரவப் பெயராகச் சூட்டியிருக்கிறார்கள். ஆனால் அந்த உரைக்கு அங்கே அமைந்த நினைவுகளில் என்னை மிகவும் அசைத்தது மும்பைக் கலைஞர் ஜிதிஷ் கல்லாட் 2010-ல் செய்ததுதான். அந்தப் பெரிய படிக்கட்டின் 118 படிகளிலும் உரையின் வரிகளை மின்விளக்கு எழுத்துகளாகப் பதித்தார். எழுத்துகளின் ஐந்து நிறங்கள் அமெரிக்க அரசின் அன்றைய பயங்கரவாத எச்சரிக்கை நிலைகளுக்கான நிறங்கள். மதவெறி ஒழிய வேண்டும் என்று விவேகானந்தர் பேசிய அதே செப்டம்பர் 11-ல், 108 ஆண்டு கழித்து நியூயார்க்கில் என்ன நடந்தது என்பதை ஒருவர் விளக்கவே வேண்டியதில்லை. படி ஏறும்போதே புரிந்துவிடும்.

இந்த இடத்தில் நமக்கும் ஒரு பங்கு இருக்கிறது. விவேகானந்தரைச் சிகாகோவுக்கு அனுப்பி வைக்கத் திருவல்லிக்கேணி அளசிங்கப் பெருமாளும் நண்பர்களும் வீடு வீடாகப் போய்ப் பணம் திரட்டினார்கள். ராமநாதபுரம் மன்னர் பாஸ்கர சேதுபதி ஊக்கம் கொடுத்தார். 1897-ல் திரும்பி வந்து பாம்பனில் கரை இறங்கிய விவேகானந்தர், சென்னையில் ஒன்பது நாள் தங்கியது கடற்கரையில் இருக்கும் ஐஸ் ஹவுஸில். அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த ஐஸ் கட்டிகளைச் சேமிக்க 1842-ல் கட்டிய கிடங்கு அது. வியாபாரம் நொடித்ததும் வீடானது, பிறகு சகோதரி சுப்புலட்சுமியின் இளம் விதவைகள் இல்லத்துக்கு இடம் கொடுத்தது, இன்று விவேகானந்தர் இல்லம். சிகாகோ மாளிகைக்கு நடந்த அதே கதை: ஒரு வேலை போனால் அடுத்த வேலை.

மற்ற எச்சங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இவற்றை யாரும் நினைவுச்சின்னம் என்று எண்ணுவதில்லை. கொலம்பஸ் தங்கிய ஸ்பெயின் மடத்தின் மாதிரியாக ‘லா ரபிதா’ என்ற கட்டடத்தை ஏரிக்கரையில் எழுப்பியிருந்தார்கள். விழா முடிந்தபின் அது நோயுற்ற குழந்தைகளுக்கான இல்லமானது. 1922-ல் எரிந்துபோனது, ஆனால் அதே இடத்தில், அதே பெயரில் குழந்தைகள் மருத்துவமனை இன்றும் இயங்குகிறது. ஆப்ரிக்க அமெரிக்கர்களும் தொழிலாளர்களும் நிறைந்த தெற்குச் சிகாகோவில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடும் பெற்றோருக்கு அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று தெரிந்திருக்கத் தேவையில்லை.

ஜப்பான் கட்டி நகரத்துக்கே பரிசளித்த ‘ஹோ-ஓ-டென்’ மண்டபம் அரை நூற்றாண்டு நின்று, 1946-ல் தீக்கிரையானது. அதன் மரச் செதுக்குப் பலகைகள் சில, 1970-களில் ஒரு விளையாட்டு அரங்கத்தின் கிடங்கிலிருந்து கண்டெடுக்கப்பட்டு ஆர்ட் இன்ஸ்டிடியூட்டில் இருக்கின்றன. மண்டபம் இருந்த தீவில் ஜப்பானியத் தோட்டமும், 2016 முதல் யோகோ ஓனோவின் எஃகுத் தாமரை இதழ்களும் இருக்கின்றன. ஜார்ஜ் பெரிசின் ராட்டினம் வேறு விதம். ஒரே நேரத்தில் 2,160 பேரைச் சுமந்த அந்த இயந்திரத்தைக் கழற்றி நகரின் வடபகுதியில் நிறுத்தினார்கள், கூட்டம் வரவில்லை. செயின்ட் லூயிஸ் 1904 கண்காட்சிக்குக் கொண்டுபோனார்கள். 1906-ல் வெடி வைத்துத் தகர்த்துவிட்டார்கள். இன்று உலகத்தில் எந்தப் பொருட்காட்சியில் ராட்டினம் சுற்றினாலும் அது பெரிசுக்குத்தான் நினைவு. சென்னை தீவுத்திடலும் சேர்த்தி.

எல்லாவற்றையும்விடச் செலவில்லாத, எல்லோர் கண்ணிலும் படுகிற நினைவுச்சின்னம் சிகாகோவின் கொடி. 1917-ல் ஏற்ற அந்தக் கொடியில் இரண்டு சிவப்பு நட்சத்திரங்கள் இருந்தன: ஒன்று 1871 பெருந்தீக்கு, மற்றொன்று 1893 கண்காட்சிக்கு. 1933 கண்காட்சிக்கு மூன்றாவது, நகரத்தின் தொடக்க காலத்து ராணுவக் கோட்டையான டியர்பார்னுக்கு 1939-ல் நான்காவது. தீயணைப்பு வண்டியிலும் காபிக் கோப்பையிலும் இளைஞர்கள் கையில் குத்திக்கொள்ளும் பச்சையிலும் அந்த நட்சத்திரங்கள் இருக்கின்றன.

சரி, இப்போது எப்படிச் செய்வது என்ற கேள்வி.

கண்காட்சி இன்னும் நடக்கவில்லை என்றால், முடிவை முன்கூட்டியே எடுத்துவிட வேண்டும். எது நிற்கும், எது போகும், நிற்பது யாருக்குச் சொந்தம், பராமரிப்புப் பணம் எங்கிருந்து வரும் என்று ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும். செயின்ட் லூயிஸ் இதைச் சிகாகோவைவிடத் தெளிவாகச் செய்தது. காஸ் கில்பர்ட் வடிவமைத்த கலை மாளிகையை முதலிலேயே நிரந்தரக் கட்டடமாகக் கட்டினார்கள், இன்றைய கலை அருங்காட்சியகம் அது. அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியக நிறுவனம் விழாவில் வைத்திருந்த பிரம்மாண்டமான பறவைக் கூண்டை நகரம் 3,500 டாலருக்கு வாங்கியது. அதைச் சுற்றித்தான் ஊர் விலங்குக் காட்சிசாலை வளர்ந்தது. விழாவில் மிஞ்சிய லாபத்தில், நுழைவாயில் இருந்த இடத்திலேயே 1913-ல் ஜெபர்சன் நினைவுக் கட்டடத்தை எழுப்பி, வரலாற்றுச் சங்கத்தைக் குடிவைத்தார்கள். கண்காட்சியின் ஆவணங்களுக்கும் அங்கேயே இடம். விழாவின் வரைபடங்களும் கணக்குப் புத்தகங்களும் படங்களும் ஓரிடத்தில் இருந்தால், நூறு வருடம் கழித்தும் புதிய நினைவகம் அமைக்கலாம். சிலை மட்டும் இருந்தால் முடியாது.

விழா எப்போதோ முடிந்துவிட்டது, ஏதோ ஒன்று இடிந்த நிலையில் நிற்கிறது என்றால் நிலைமை கடினம். சான் பிரான்சிஸ்கோவில் பெர்னார்ட் மேபெக் 1915 கண்காட்சிக்காகக் கட்டிய நுண்கலை மாளிகையை ஊர் மக்கள் இடிக்க விடவில்லை. ஆனால் சாந்து எத்தனை நாள் தாங்கும்? டென்னிஸ் ஆட்டக்களமாகவும் ராணுவ வண்டிகள் நிறுத்துமிடமாகவும் இருந்து கரைந்தது. 1964-ல் இரும்புச் சட்டம் வரை இடித்துவிட்டு, வால்டர் ஜான்சன் என்பவர் தந்த 20 லட்சம் டாலரையும் பொதுப் பணத்தையும் சேர்த்துக் கான்கிரீட்டில் மறுபடி கட்டினார்கள். இது போலி என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. எனக்கு ஆட்சேபம் இல்லை. மூலமும் பழைய ரோமாபுரி மாதிரி வேஷம் போட்ட சாந்துதானே.

பிரஸ்ஸல்ஸின் அட்டோமியம் இன்னொரு பாடம். 1958 உலகக் கண்காட்சிக்காக, ஆறு மாதத்துக்கென்று நிறுத்திய 102 மீட்டர் கட்டமைப்பு அது. விட்டுவிட மனமில்லாமல் வைத்துக்கொண்டார்கள், ஆனால் பராமரிப்பு பின்தங்கியது. 2004 முதல் 2006 வரை முழுக்கப் புதுப்பிக்க வேண்டிவந்தது. கழற்றிய பழைய அலுமினியத் தகடுகளைத் துண்டு 1,000 யூரோவுக்கு மக்களிடம் விற்று ஒரு பகுதிச் செலவை ஈடுகட்டினார்கள். நியூயார்க்கில் ஒரே பூங்காவில் இரண்டு விதியையும் பார்க்கலாம். 1939 கண்காட்சிக்காகக் கட்டிய நகரக் கட்டடத்தில் 1946 முதல் 1950 வரை ஐ.நா. பொதுச்சபை கூடியது, இன்று அது குவீன்ஸ் அருங்காட்சியகம். பக்கத்திலேயே பிலிப் ஜான்சன் 1964 கண்காட்சிக்காகக் கட்டிய நியூயார்க் மாநில அரங்கம், நிலையான வேலை எதுவும் கிடைக்காமல் பல பத்தாண்டுகள் துருப்பிடித்து நின்றது.

ஆகவே புதிதாக நினைவகம் வேண்டும் என்று ஒரு குழு என்னிடம் வந்தால், நான் கேட்கும் முதல் கேள்வி: காலையில் கதவைத் திறப்பது யார்? நூலகமோ, பள்ளியோ, அருங்காட்சியகமோ, மருத்துவமனையோ இருந்தால் பேச்சைத் தொடரலாம். ‘திறப்பு விழாவுக்கு அமைச்சர் வருகிறார்’ என்பது பதில் ஆகாது. இரண்டாவது, கட்டுமானத்துக்குத் திரட்டும் பணத்தில் ஒரு பங்கைத் தொடாமல் வங்கியில் போட்டு வைத்திருக்கிறீர்களா? ஜாக்சன் பூங்காச் சிலைக்கே 1992-ல் மறுபடி பொன்முலாம் பூச வேண்டிவந்தது. வெண்கலச் சிலைக்கே இப்படி என்றால், கூரையும் குழாயும் உள்ள கட்டடத்துக்கு எவ்வளவு ஆகும்!

மூன்றாவது கேள்வியில்தான் பல குழுக்கள் சண்டை போட்டுக்கொள்ளும்: யாருடைய கதை? 1893 விழா கொலம்பஸைக் கொண்டாடியது. 1933 கண்காட்சியின்போது வைத்த கொலம்பஸ் சிலையை 2020-ல் இரவோடு இரவாக அகற்ற வேண்டிவந்தது. அதே 1933-க்கு முசோலினி அனுப்பிய பழைய ரோமானியத் தூண், இத்தாலிய விமானப்படைத் தலைவர் பால்போவின் புகழைப் பாடிக்கொண்டு இன்னும் ஏரிக்கரையில் நிற்கிறது, நகரத்துக்கே சங்கடம். மறுபுறம், கறுப்பின மக்களை 1893 கண்காட்சி ஒதுக்கியதை எதிர்த்து கறுப்பினத் தலைவர்களான ஐடா பி. வெல்ஸும் பிரெடரிக் டக்ளஸும் மற்றவர்களும் ஒரு துண்டுநூல் அச்சிட்டு, ஹைட்டி நாட்டு அரங்கத்தில் வைத்து வருபவர்களுக்குக் கொடுத்தார்கள். டக்ளஸ் அங்கே ஹைட்டியின் பிரதிநிதியாக இருந்தார். சொந்த நாட்டின் அரங்குகளில் அவருக்கு இடமில்லை. 1893-க்கு ஒரு நினைவகம் அமைத்து அதில் இந்தத் துண்டுநூல் இல்லை என்றால், அது விளம்பரப் பலகையாகத்தான் இருக்கும்.

ஜாக்சன் பூங்காவுக்கென்றே கேட்டால், புதுச் சிலையோ மாளிகையோ வேண்டாம் என்பேன். அன்றைய கட்டடங்களின் எல்லைக்கோடுகளை நடைபாதையிலும் புல்லிலும் கல் பதித்துக் காட்டலாம். உலகின் மிகப் பெரிய கட்டடமாக அன்று இருந்த உற்பத்திப் பொருள் மாளிகையின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு நடந்தாலே கால் வலி அதன் அளவைச் சொல்லிவிடும். சோபியா ஹேடன் வடிவமைத்த மகளிர் கட்டடம், ஹைட்டி அரங்கம், பூங்காவை ஒட்டிய ‘மிட்வே’ என்ற நீண்ட நிலப்பட்டையில் ராட்டினத்தின் அடித்தளம், இந்த மூன்றிலிருந்து தொடங்கலாம். ஒவ்வொன்றிலும் அந்த இடத்தில் எடுத்த பழைய படம் ஒன்று, படம் எடுத்தவர் நின்ற திசையிலேயே. ஆவணங்களும் பொருட்களும் பக்கத்து அருங்காட்சியகத்தில். பராமரிப்பு பூங்காத் துறையிடம்.

அடுத்த முறை போனால் ஆர்ட் இன்ஸ்டிடியூட்டில் காலையைச் செலவிட்டுவிட்டு, மெட்ரா மின்ரயிலில் தெற்கே போய் அருங்காட்சியகத்தின் பின்பக்கத்திலிருந்து பூங்காவுக்குள் நுழையுங்கள். குளத்தின் பக்கம் திரும்பியிருக்கும் அந்த முகப்புதான், தூண்களும் பெண்ணுருவச் சிற்பங்களும் சுண்ணாம்புக்கல்லில் மறுபிறவி எடுத்த பிறகும், 1893 படங்களோடு அப்படியே ஒத்துப்போகிறது. நேரம் இருந்தால் ஊருக்கு மேற்கே ஜெனிவா என்ற சிற்றூருக்கும் போகலாம். நார்வேயிலிருந்து அட்லாண்டிக்கைக் கடந்து 1893 கண்காட்சிக்கு ஓட்டி வந்த வைக்கிங் மாதிரிக் கப்பல் அங்கே ஒரு பூங்காக் கொட்டகையில் இருக்கிறது. தன்னார்வலர்கள் பார்த்துக்கொள்கிறார்கள், எல்லா நாளும் திறந்திருக்காது, விசாரித்துவிட்டுப் போங்கள்.